புள்ளி ஒன்று பூஜ்யம் நான்கு

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, அதற்கு மேல், துப்பாக்கி சுட்டு ஓட்டத்தைக் கிளப்பிவிடுகிற ஸ்டார்ட்டரின் சிவப்புக் கோட்டையும் போட்டுப் பொத்தானும் மாட்டியாயிற்று, அப்படியும் உள்ளேயிருந்து யாரோ அதை உரக்கப் படிக்கிற மாதிரியே இருந்தது ஆவுடையப்பனுக்கு. நாலாவது தடம், செண்பகவல்லி, பூஜ்யம் புள்ளி ஒன்று பூஜ்யம் நான்கு. மணி ஒன்றேகால். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கான நூறு மீட்டர் இறுதி ஓட்டம் இரண்டு மணிக்கு. நடுவில் இந்த முக்கால் மணி நேரம் சாப்பாட்டுக்கு. ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்திருந்தார், ஒரு வாய்கூட இறங்கவில்லை. காலையில் தகுதிச் சுற்று முடிந்ததும் அந்தப் பெண் அபிநயா, கோயம்புத்தூரிலிருந்து மெஷினோடு வந்திருக்கிற எஞ்சினியர், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஓடிவந்து இதை நீட்டினாள். "சார், உங்க வீட்ல மேடமுக்கு செம காதுங்க சார். இப்படி ஒரு நம்பரை நான் வேற எங்கயும் பாத்ததே இல்லீங்க." ஓடுகிறவர்கள் உதைத்துக் கிளம்புகிற கட்டைக்குள் இப்போது என்னவோ வைத்திருக்கிறார்கள், வெடிச்சத்தத்துக்கும் கால் உதைப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று அது எழுதிக் கொடுத்துவிடும். காது கேட்டு, மூளைக்குச் சொல்லி, மூளை காலுக்குச் சொல்லி, கால் அசையக் குறைந்தது பத்தில் ஒரு விநாடி வேண்டுமாம். அதற்கு முன்னால் கால் கிளம்பிவிட்டால் கேட்டுக் கிளம்பிய கால் இல்லை, ஊகித்துக் கிளம்பிய கால். செண்பகவல்லியின் கால் அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நின்றிருந்தது. மற்ற ஏழு பேருக்கும் புள்ளி பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்துநான்கு என்று போட்டிருந்தது. ஐந்தாவது தடத்து ஜெபக்கனிக்குப் பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று ஒன்று. நாற்பத்தெட்டு வயதில், தையல் கடை வைத்திருக்கிற, காலையில் எழுந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்கிற ஒருத்திக்கு அப்படி என்ன காது? வீட்டில் குக்கர் நாலு விசில் அடித்தாலும் ரெண்டுதானே அடித்தது என்று சாதிக்கிறவள். அபிநயாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், பாவம். அவள் மனசாரப் பாராட்டிவிட்டுப் போனாள். இவருக்குத்தான் காதோரம் சுட்டது.

அந்த மெஷினை வரவேற்று மைக்கில் பேசியதே இவர்தான், அதைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை. மூத்தோர் தடகளப் போட்டிக்கு இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததே கிடையாது. கையால் நேரம் பார்க்கிறவர்கள் முடிவுக் கோட்டில் ஏணிப்படி மாதிரி ஒரு பெஞ்சில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக உட்கார்ந்துகொண்டு, துப்பாக்கியின் புகையைப் பார்த்துக் கடிகாரத்தை அமுக்குவார்கள், சத்தம் நூறு மீட்டர் நடந்து வருவதற்குள் புகை தெரிந்துவிடும் என்று. காற்றடித்தால் புகை கலையும், வெயில் எதிரே விழுந்தால் தெரியாது, டீ வந்தால் கவனம் போகும், மூன்று கடிகாரமும் மூன்று நேரம் சொல்லும், நடுவில் இருப்பதை எடுத்து எழுதிக்கொள்வார்கள். யார் முதல் என்பதற்கு அடிதடி நடந்ததும் உண்டு. இப்போது துப்பாக்கி என்று ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்திருக்கிறார்கள், டார்ச் லைட் கனம், புகை கிடையாது, மருந்து வாசனை கிடையாது. ஒவ்வொரு தடத்துக்கும் பின்னால் ஒரு ஸ்பீக்கர். முன்பெல்லாம் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துத் தடத்தில் நிற்கிறவளுக்குச் சத்தம் முதலில் போகும், எட்டாவது தடத்துக்காரிக்குக் கொஞ்சம் பிந்திப் போகும். இனி அந்த அநியாயம் இல்லை, எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். சட்டைக் காலரில் குண்டூசித் தலை மாதிரி ஒரு மைக், இவர் சொல்கிற "ஆன் யுவர் மார்க்", "செட்" எல்லாம் அதே ஸ்பீக்கர் வழியாகத்தான். "மறக்காம ஆஃப் பண்ணிருங்க சார், இல்லேன்னா நீங்க பேசறது பூராம் எட்டு லேன்லயும் கேட்டுரும்" என்று அபிநயா இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள். காலையில் கொடியேற்றி முடிந்ததும் இந்த மாவட்டத்தின் மூத்த ஸ்டார்ட்டர் ரெண்டு வார்த்தை பேசுவார் என்று அழைத்தார்கள். ரெண்டு வார்த்தை பேசுகிற மனுஷனா. "இனிமே கண்ண நம்ப வேண்டாம், காத நம்ப வேண்டாம், மனுஷன நம்பவே வேண்டாம், பொய் சொல்லத் தெரியாத மெஷினு வந்தாச்சு" என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். வயசானவர்களுக்கென்று சலுகை எதுவும் கிடையாது, ஒரு தடவை முந்திக் கிளம்பினாலே வெளியேதான் என்று விதியையும் இவரே படித்தார். கைதட்டினார்கள். முன்வரிசையில் செண்பகமும் கைதட்டினாள். இப்போது அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்தது.

எனக்குத் தெரியாது, என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிஜமாகவே தெரியாது. ஸ்டார்ட்டர் "செட்" என்றதும் எட்டுப் பேரும் இடுப்பைத் தூக்கி நிற்பார்கள், எல்லாரும் அசையாமல் நின்றதும் சுட வேண்டும், இத்தனை விநாடி என்று புத்தகத்தில் ஒன்றும் போட்டிருக்கவில்லை, அது அவரவர் கைப்பக்குவம். அவருடைய பக்குவம் தபால் ஆபீஸில் வந்தது. இருபத்தெட்டு வருஷம் தேதி முத்திரை குத்திய கை. மைத்திண்டில் ஒரு குத்து, கவர் மேல் ஒரு குத்து, அடுத்த கவர். டக், டக். டக், டக். கவுண்ட்டரில் நிற்கிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மைதானத்துக்கு வந்தாலும் அதே கைதானே. செட், ஒண்ணு, ரெண்டு, வெடி. அது ஒரு தாளம் என்று அவருக்கு எப்படித் தெரியும், நடக்கிறவனுக்குத் தன் நடை தெரியுமா, குறட்டை விடுகிறவனுக்குத் தன் குறட்டை கேட்குமா? பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குக் கேட்கும். அங்கே வந்து நினைப்பு இடறி நின்றது. பக்கத்தில் இருப்பவளுக்கு எல்லாம் கேட்கும். அவர் சாப்பிடும்போது ரெண்டு வாய் சாதம், ஒரு மடக்குத் தண்ணீர். மாடிப்படி ஏறும்போது ரெண்டு படி, ஒரு மூச்சு. பல் தேய்த்துத் துப்புவதுகூட ரெண்டு தடவைதான் என்று மகளிடம் அவள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இருபத்துநாலு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே கேட்டுக்கொண்டே இருந்தால் அது காதில் இருக்காது, உடம்பில் ஊறிப் போயிருக்கும். அவள் பாவம் என்ன செய்வாள், எண்ணியா ஓடுகிறாள், அவளுக்கே தெரியாது, அவள் கால் தானாகப் போகிறது. காலுக்குப் பழக்கம். தையல் மெஷின் மிதிக்கிற கால் அல்லவா. இதில் களவு என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு வாய் எலுமிச்சைச் சாதம் எடுத்து வாயில் வைத்தார். கடுகு பல்லில் அகப்பட்டது.

"என்ன சார், பொட்டலத்தப் பிரிச்சு வச்சுக்கிட்டு அதுக்குப் பாடம் நடத்துதீங்களா?" என்று சிரித்துக்கொண்டே ஜெபக்கனி கடந்து போனாள். கையில் வெறும் வாழைப்பழம். சத்துணவு அமைப்பாளர், நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போடுகிறவள், ஓட்டத்துக்கு முன்னால் தான் மட்டும் சோறு தொட மாட்டாள். கொரோனா வருஷங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஆறு வருஷமாக இந்த ஓட்டத்தில் ரெண்டாவது. ஆறு தடவையும் செண்பகத்துக்குப் பின்னால், ஒரு கை அகலம், அரைக் கை அகலம். முதலாவது வருகிறவளைத்தான் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள், ரெண்டாவதுக்கு ஒரு சான்றிதழும் எவர்சில்வர் டப்பாவும். செண்பகம் பூனா பார்த்துவிட்டாள், சண்டிகர் பார்த்துவிட்டாள், இன்னும் நாலு ஊர். ஜெபக்கனி ரயிலில் மணியாச்சி ஜங்ஷன் தாண்டிப் போனதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஐயோ, அந்த டாக்டர் கதை. அதை நினைக்கக் கூடாது என்று பொட்டலத்தை மூடினார், மூடினால் நினைப்பும் மூடிக்கொள்ளுமா என்ன? மூன்று வருஷத்துக்கு முன்னால் பரிசளிப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் இவரிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "சார், எனக்குக் காது மந்தமாயிருக்குமோன்னு பயந்து பாளையங்கோட்டைக்குப் போயிக் காது டாக்டர்ட்ட காட்டினேன். கூண்டுக்குள்ள உக்கார வச்சு என்னமோ கீ கீன்னு சத்தம் விட்டுப் பாத்தாரு. காதெல்லாம் நல்லாயிருக்கு, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாரு. துப்பாக்கிச் சத்தம் எனக்கு மட்டும் லேட்டாக் கேக்குது டாக்டர்ன்னேன், சிரிச்சிட்டாரு. அப்பம் மனசுதான் மந்தம் போல சார்." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். இவர் என்ன செய்தார்? இவரும் சிரித்தார். அது மட்டுமா, "தினமும் பத்து நிமிஷம் கண்ண மூடிக் கவனத்த ஒருமுகப்படுத்துங்க, சரியாயிரும்" என்று புத்தி வேறு சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அதற்கப்புறம் மூன்று வருஷம் தினமும் அவள் எங்கேயோ ஒரு மூலையில் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெட்கமாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவருக்குப் பையிலிருந்த காகிதமும் சேர்ந்து குறுகுறுத்தது.

ஆனால் எனக்குத்தான் தெரியாதே, என்று திரும்பவும் ஆரம்பித்தார். ஆரம்பித்த கையோடு மந்திரமூர்த்தி சார் கண்ணில் பட்டார். பந்தலின் அந்தக் கோடியில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் ரீகால் ஸ்டார்ட்டர், அதாவது யாராவது முந்திக் கிளம்பினால் ரெண்டாவது துப்பாக்கியால் சுட்டு எல்லாரையும் திருப்பிக் கூப்பிடுகிறவர். ரெண்டு பேரும் இருபது வருஷமாகப் பத்தடி தூரத்தில் நிற்கிறவர்கள். ஏழு வருஷம் முன்னால், செண்பகம் ஓட ஆரம்பித்த புதுசு, ஒரு பள்ளிக்கூடப் போட்டி முடிந்து டீ குடிக்கும்போது அவர் சொன்னார். "ஏடே ஆவுடை, உன் துப்பாக்கிக்குத் தாளம் விழுதுடே. செட், ஒண்ணு, ரெண்டு, டமார். பயலுவ எண்ண ஆரம்பிச்சுட்டான்னா தொலஞ்சே. மாத்திக்கோ." சொன்னார். ஆமாம், சொன்னார். டீயில் ஆடை படிந்திருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது, அப்புறம் எப்படித் தெரியாது என்று வாய் வருகிறது? சொன்னார், இவரும் கேட்டுக்கொண்டார், மாற்றவும் மாற்றினார். ஒரு தடவை ஒன்றரையில் சுடுவார், ஒரு தடவை மூன்று போகட்டும் என்று பிடித்துவைப்பார், பையன்கள் திணறுவார்கள். ஆவுடையப்பன் சார் துப்பாக்கியை ஏமாற்ற முடியாது என்று பேர் எடுத்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். பின்பக்கத்தில் ஆண்கள் ஓட்டம். பதினெட்டு, இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்தாறு. எவனும் ஊகிக்கவில்லை, ஊகிக்க இவர் விடவில்லை. எல்லா ஓட்டத்துக்கும் மாற்றினார். ஒரு ஓட்டத்துக்கு மட்டும் மாற்றவில்லை. மறந்துபோனேன் என்று சொல்லலாமா? வருஷத்துக்கு ஒரு தடவை, அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும், நாலாவது தடத்தில் அந்த மெரூன் கலர் பனியன் குனிந்து நிற்கும்போது மட்டும், கை தானாகப் போய் மைத்திண்டில் குத்தி, கவரில் குத்தி, சுட்டது. தானாகத்தான். ஆனால் அந்தத் தானாக வருவதற்கு இவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பூனை கண்ணை மூடிக்கொண்ட மாதிரி நின்றார். ஒருவரும் கேட்கவில்லை, எழுதி வைக்க ஒரு மெஷினும் இல்லை, மந்திரமூர்த்தி சார் பார்த்தும் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்ப்பார். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் சொல்கிற வேலி இவர்தான், சிவப்புக் கோட்டெல்லாம் போட்ட வேலி.

"இன்னுமா சாப்பிடல? அந்தப் பொட்டலத்தத் தூரப் போடுங்க, விடிகாலைல எந்திரிச்சுப் புளிச்சாதம் கிண்டினேன், வத்தல் வேற வறுத்திருக்கேன்." செண்பகம் டிபன் டப்பாவோடு வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குதிகாலில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது, கூந்தலை வலித்துப் பின்னித் தலைக்கு மேல் குத்தியிருந்தாள். மகள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அக்கறையாகச் சிங்காரித்ததில்லை. முகத்தில் அந்த வெளிச்சம். நாற்பது வயசில் டாக்டர் நடக்கச் சொன்னார் என்று மைதானத்துக்கு வந்து, நடக்கிறவர்களுக்கு நடுவே திடீரென்று ஒருநாள் ஓடி, ஓடி முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னங்க, எனக்குள்ள இது எங்க இருந்துச்சு இத்தனை நாளு?" என்று கேட்டபோது வந்த அதே வெளிச்சம். அதை அணைக்க எந்தப் புருஷனுக்குக் கை வரும்? "மாத்திர போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றார். "பொய்யி. டப்பாவுல அப்படியே இருக்கு." அவரே ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து மாத்திரையை விழுங்கினார். "அந்தப் பிள்ள காலைல என்னமோ காகிதம் குடுத்துச்சே, என்னது அது?" என்று கேட்டாள் அவள், வத்தலைக் கடித்துக்கொண்டே. சொல்லிவிடலாம். இந்தா பார் என்று நீட்டிவிடலாம். நீட்டினால் முதலில் சந்தோஷப்படுவாள், அப்புறம் இதுக்கு என்னங்க அர்த்தம் என்று கேட்பாள், அர்த்தம் சொல்லப் போனால் நீ கள்ளி என்றாகிவிடும், நான் கள்ளன் என்பதைச் சொல்லாமல் நீ கள்ளி என்று சொல்ல முடியாது. ஒன்றும் அறியாத கால் அது. அதைப் போய் உசுப்பிவிடுவானேன். "நேரம் போட்டிருக்கு" என்றார். "யாரு நேரம், என் நேரமா? எப்படி இருக்கு?" "நல்ல நேரம்தான்." "பெரிய சோசியரு" என்று சிரித்தாள். எழுந்து டப்பாவை மூடினாள். போகும்போது அவருடைய கோட்டுக் காலரில் முறுக்கிக்கொண்டிருந்த மைக் வயரை நேராக்கிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எப்பவும் போலச் சுடுங்க. போதும்."

எப்பவும் போலச் சுடுங்க. அவள் போய் ரொம்ப நேரத்துக்கு அப்புறமும் அந்த வார்த்தை அங்கேயே உட்கார்ந்திருந்தது, அவள் விட்டுப் போன நாற்காலியில். எப்பவும் போல என்றால் என்ன? பதற்றப்படாதீர்கள் என்று அர்த்தம். கையில் புது மெஷினைக் கொடுத்திருக்கிறார்களே, மனுஷன் தடுமாறிவிடக் கூடாதே என்கிற கரிசனம். எந்தப் பெண்டாட்டியும் சொல்வதுதான். சமையல் போட்டிக்கு அவள் போயிருந்தால் நீ எப்பவும் போலச் சமை என்று இவர் சொல்லியிருக்க மாட்டாரா? மாட்டார், அது வேறு விஷயம். ஆனால் குரலை ஏன் தாழ்த்தினாள்? அந்த "போதும்" எதற்கு? எது போதும்? சே, புத்தி ஏன் இப்படிப் போகிறது, தான் திருடி பிறரை நம்பாள் என்று சொல்வது இதைத்தான். அவளுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. மணி ஒன்று ஐம்பது. இதற்கு ஒரே வழிதான் இருக்கிறது, துப்பாக்கியை மந்திரமூர்த்தி சாரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வது. வேறு ஆள் சுட்டால் அவள் எல்லாரையும் போலக் கேட்டு ஓடுவாள், ஜெயித்தால் ஜெயிக்கட்டும், தோற்றால் தோற்கட்டும். எழுந்தார். பந்தலின் அந்தக் கோடிவரை போனார். மந்திரமூர்த்தி சார் கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். "சார், பைனலுக்கு நீங்க..." என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன். "நான் என்னடே?" என்று நிமிர்ந்து பார்த்தார் அவர். பார்வையில் கேள்வி இல்லை, ஏழு வருஷமாகத் தெரிந்துவைத்திருக்கிற ஒருத்தரின் பொறுமை இருந்தது, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஏன் என்று கேட்பார்கள். காலையில் மைக்கில் அவ்வளவு பேசிய வாய் இப்போது ஏன் ஒதுங்குகிறது என்று கேட்பார்கள். "ரீகால்லதான நிப்பீங்க?" என்று முடித்தார். "பின்ன எங்கடே நிப்பேன்?" என்றார் அவர். திரும்பி நடக்கும்போது இன்னொரு யோசனை வந்தது, வந்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நானே சுடுகிறேன். ஆனால் ரெண்டில் சுட மாட்டேன், மூன்று போகட்டும். அவளுக்குத்தான் தெரியாதே. தெரியாதவள் காத்து நிற்பாள், சத்தம் கேட்டால் ஓடுவாள், எல்லாரும் சமமாக ஓடட்டும். எண்ணுகிறவளுக்குத்தான் இதில் ஆபத்து, அவள் எண்ணுகிறவள் இல்லை. அப்படி அவர் நம்பினார். நம்பினாரா, இல்லை, அப்படித்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட ஆசைப்பட்டாரா? ஒரு வார்த்தை அவளிடம் முன்கூட்டிச் சொன்னால் என்ன? சொன்னால் அதுவும் களவுதான். சொல்லாவிட்டால் அது என்ன? அதற்குள் ஸ்பீக்கரில் பேர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நீலத் தடத்தில் வெயில் காய்ந்து ரப்பர் வாடை அடித்தது. யாராவது முந்திக் கிளம்பினால் எச்சரிக்கிற ஹெட்போனை மாட்டினார், வெளிச்சத்தம் அமுங்கித் தன் மூச்சே தனக்குக் கேட்டது. காலரில் மைக்கின் பொத்தானைத் தள்ளினார். எட்டுப் பேரும் கட்டையில் கால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபக்கனி கண்ணை மூடிக் கொஞ்சநேரம் நின்றாள், கவனத்தை ஒருமுகப்படுத்துகிறாள், ஐயோ, அவர் சொல்லிக் கொடுத்ததுதான். செண்பகம் சிலுவை போடுகிறவளையும் திருநீறு பூசுகிறவளையும் பார்த்துவிட்டுத் தன் தாலியைப் பனியனுக்குள் போட்டாள், பிறகு இவரைப் பார்த்தாள், சும்மா ஒரு பார்வை, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. "ஆன் யுவர் மார்க்." எட்டு முதுகும் குனிந்தன. "செட்." எட்டு இடுப்பும் எழுந்தன, அசையாமல் நின்றன. ஒண்ணு. மைத்திண்டு. செண்பகத்தின் கழுத்து நரம்பு தெரிந்தது. ரெண்டு. கவர். இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம் விரலைப் பிடித்து இழுத்தது, அவர் இழுத்துப் பிடித்தார், இரு, இரு, காத்திரு என் தாயே, காத்திரு, அந்த மூன்றாவது எண்ணுக்கும் ரெண்டாவது எண்ணுக்கும் நடுவே இருக்கிற துளி இடத்தில் தன் ஆயுசு முழுவதும் நிற்கிற மாதிரி இருந்தது. அந்தத் துளி இடத்தில்தான் செண்பகவல்லி கிளம்பினாள். யாருமே அசையாதபோது ஒரு மெரூன் பனியன் மட்டும் பாய்ந்தது. ஹெட்போனில் கீச்சென்று கத்தியது. இவர் விரல் அப்புறம்தான் அமுங்கியது. மந்திரமூர்த்தி சார் ரெண்டாவது துப்பாக்கியைச் சுட்டார். இருபது மீட்டர் தாண்டி அவள் நின்று, திரும்பி, சுற்றிலும் பார்த்து, தான் மட்டும் வெகுதூரம் வந்திருப்பதைக் கண்டு, மெதுவாக நடந்து வந்தாள். உதவிக்கு நின்றவர், ஓட்டத்தை விட்டு வெளியேற்றுகிற, சிவப்பும் கறுப்பும் குறுக்கே பாதியாகப் பிரிந்த அட்டையை எடுத்து, "நான் காட்டட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார் ஆவுடையப்பன். அது ஒன்றாவது தன் கையால் நடக்கட்டும். நாலாவது தடத்துக்கு முன்னால் போய் நின்று அட்டையைத் தூக்கிக் காட்டினார். செண்பகம் அதைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். கோபம் இல்லை. சாவி கொடுத்த வீட்டுக்குத் திரும்பி வந்து பூட்டு மாறியிருக்கக் கண்டவளின் முகம். கிட்டே வந்தாள், அவர் மார்புக்கு ஒரு ஜாண் தூரத்துக்கு வந்தாள், அடுக்களையில் கேட்கிற குரலில், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"என்னங்க, ரெண்டுதான எப்பவும்?"

மைக் அணைக்கவில்லை. எட்டுத் தடத்துக்கும் பின்னாலிருந்து, எட்டு ஸ்பீக்கரிலிருந்தும், யாருக்கும் முந்தாமல் யாருக்கும் பிந்தாமல், ஒரே நேரத்தில் அது கேட்டது. என்னங்க, ரெண்டுதான எப்பவும். செண்பகம் தன் குரலையே பின்னால் கேட்டுத் திரும்பினாள், அப்புறம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மந்திரமூர்த்தி சார் வானத்தைப் பார்க்கவில்லை, இந்தத் தடவை நேராக இவரையே பார்த்தார். ஆவுடையப்பனின் விரல் காலரில் பொத்தானைத் தேடியது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று நினைவுக்கு வரவில்லை. ஐந்தாவது தடத்தில் ஜெபக்கனி தன் ஸ்பீக்கரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மெல்ல அசைந்தது, ஆறு வருஷத்தை எண்ணுகிறாளோ, ரெண்டைத்தான் எண்ணுகிறாளோ. பிறகு கையை உயர்த்தித் தன் வலது காதைத் தொட்டாள்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது சார்" என்றாள்.